எஞ்சின் காட்டும் நம்பரை அப்படியே அச்சடிக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் செஸ் பற்றி ஒரே பக்கத்தில் இரண்டு விஷயங்கள் போட்டிருந்தீர்கள். மேலே, இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் பெயரில் 2017-இல் வெளிவந்த ஒரு இறுதியாட்டப் புதிரைப் பற்றிய துணுக்கு. சின்னப் பிள்ளைக்குப் புரிவது கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். கீழே வாசகர்களுக்கான எண்ட்கேம் (இறுதியாட்ட) புதிர். அதன் விடைக்கு அடியில் "கம்ப்யூட்டர் மூலம் சரிபார்க்கப்பட்டது, வெள்ளைக்கு +2.1" என்று ஒரு வரி, அதாவது வெள்ளை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் போட்ட மதிப்பு. மேலே கம்ப்யூட்டரை நம்பாதே, கீழே கம்ப்யூட்டரை நம்பு. இரண்டிலும் நடந்திருப்பது ஒன்றுதான்: திரையின் ஓரத்தில் தெரியும் நம்பரைப் பார்த்து யாரோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராமை, சோதிப்பது என்றால் அது இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும், வெட்டிப் போட்டாலும் சரி.

முதலில் பென்ரோஸ் புதிர். படத்தைப் போட்டீர்கள், ஏன் டிரா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டங்களை இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, வெள்ளைப் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். வெள்ளையிடம் இருப்பது இ2-இல் ஒரு ராஜாவும் ஏ2, பி3, சி4, சி6 என நாலு சிப்பாய்களும்தான். கறுப்பிடம் ராணி, இரண்டு யானை, மூன்று பிஷப், ஐந்து சிப்பாய். பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஆனால் கறுப்பின் ராணியும் இரண்டு யானைகளும் ராஜாவும் இடது ஓரத்தில் சொந்தச் சிப்பாய்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, ஒன்றுக்கும் நகர இடமில்லை. ராஜா தப்பிக்க ஒரே வழி பி7, அதையும் சி6 சிப்பாய் அடைத்துவிட்டது. கறுப்பின் ஐந்து சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நகரக்கூடியவை அந்த மூன்று பிஷப்புகள் மட்டுமே, மூன்றும் கறுப்புக் கட்டத்தில் ஓடுபவை. அப்படியானால் வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாத்திக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு செக்கும் கிடையாது, எதுவும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் ஆளுக்கு ஐம்பது நகர்வு போனால் டிரா கேட்கலாம் என்ற ஐம்பது நகர்வு விதிப்படி ஆட்டம் டிரா. அவ்வளவுதான் புதிர்.

எஞ்சின் இங்கே கறுப்புக்குப் பெரிய வெற்றி என்று நம்பர் காட்டுவது உண்மைதான். லாக்கர் சாவியைத் தொலைத்தவரின் நகையையும் சொத்துக் கணக்கில் சேர்ப்பது போல, பூட்டிக் கிடக்கும் ராணியையும் யானைகளையும் முழு மதிப்புக்குக் கூட்டி வைக்கிறது. ஆனால் அதே எஞ்சினை வெள்ளைப் பக்கம் உட்கார வைத்து ஆடச் சொல்லிப் பாருங்கள். ஏ4 யானையையோ பி5 யானையையோ வெட்டினால் அடைப்பு உடைந்து ராணி வெளியே வந்துவிடும், அப்புறம் கதை முடிந்தது என்பது அதற்கு நொடியில் தெரிகிறது. சி6 சிப்பாயைத் தள்ளினாலும் கறுப்பு ராஜாவுக்கு வழி திறந்துவிடும். அதனால் ராஜாவைத்தான் நகர்த்தும், நகர்த்திக்கொண்டே இருக்கும், ஆட்டம் டிராவில் முடியும். என் பழைய லேப்டாப்பிலேயே அப்படித்தான் முடிந்தது. நம்பர் தப்பு, ஆட்டம் சரி. அப்படியிருக்க "கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை" என்று எதை வைத்துச் சொல்வது? பென்ரோஸ் 2020-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், மனித உணர்வைப் பற்றி அவருக்கு ஒரு பெரிய வாதம் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. அந்த வாதத்தைத் தாங்க இந்தப் படம் போதாது என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, உண்மையிலேயே எஞ்சினைச் சோதிக்க எண்ட்கேம் வேண்டுமென்றால் எது? என்னைக் கேட்டால் 1901-இல் லாஸ்கர், ரைக்ஹெல்ம் என்ற இரண்டு செஸ் வீரர்கள் ஆராய்ந்த நிலைதான். அமெரிக்க செஸ் வீரர் ரூபன் ஃபைன் 1941-இல் வெளியிட்ட இறுதியாட்டப் புத்தகத்தில் 70-ஆவது படமாக அது வந்ததால் எஞ்சின் எழுதுகிறவர்கள் 'ஃபைன் 70' என்றே அழைக்கிறார்கள். வெள்ளை: ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு: ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை நகர்த்தி ஜெயிக்க வேண்டும். பலகையில் வைத்துப் பார்த்தால் ஒன்று உடனே தெரியும், ஒரு சிப்பாயும் அசைய முடியாது. இரண்டு ராஜாக்கள் மட்டும் நடக்க வேண்டும். வெள்ளை ராஜாவுக்கு உள்ளே நுழைய இரண்டு வாசல்கள்: இடப்பக்கம் சி4 வழியாக பி5, வலப்பக்கம் எச்4 வழியாக ஜி5. கறுப்பு ராஜா இரண்டு வாசலையும் ஒருவராகவே காவல் காக்க வேண்டும். வெள்ளை டி3-இல் நின்றால் கறுப்பு சி7-இல் நிற்க வேண்டும், வெள்ளை சி3 என்றால் கறுப்பு பி7, வெள்ளை சி4 என்றால் கறுப்பு பி6. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஜோடிக் கட்டம் உண்டு. ஜோடிக் கட்டத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்பவர் பிழைப்பார், நகரும் முறை தன்னிடம் வந்து மாட்டிக்கொள்பவர் தோற்பார்.

ஜெயிக்கும் நகர்வு ஒன்றே ஒன்று, ராஜா பி1. யாருடைய கையும் தானாகப் போகிற இடம் பி2 அல்லவா, முன்னால் போக வேண்டிய ராஜா ஏன் ஓரமாக நகர வேண்டும்? ஆனால் பி2 போனால் கறுப்பு ராஜா ஏ8 மூலைக்கு ஒதுங்கி டிரா பிடித்துவிடும். பி1-க்குப் பிறகு கறுப்பு பி7, வெள்ளை சி1, கறுப்பு சி7, வெள்ளை டி1, கறுப்பு டி8, வெள்ளை சி2, கறுப்பு சி8, வெள்ளை டி2, கறுப்பு டி7, வெள்ளை சி3, கறுப்பு சி7, வெள்ளை டி3. இப்போது ஜோடி சரியாகத்தான் அமைந்திருக்கிறது, ஆனால் நகர வேண்டியது கறுப்பு. நகர்ந்தே ஆக வேண்டும், எங்கே நகர்ந்தாலும் ஒரு வாசல் திறக்கும். அவசரமாக நடந்தால் கிடைக்காததை ஊர் சுற்றி நடந்து வாங்கியிருக்கிறது வெள்ளை. நூற்றிருபது வருடத்துக்கு மேல் பழைய படம், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எஞ்சினுக்கு இதில் என்ன சோதனை என்றால், நினைவு. ராஜாவுக்கு ஒவ்வொரு முறையும் நாலைந்து நகர்வுகள் உண்டு, வெற்றி இருபது அரை நகர்வுகளை (ஒரு பக்கம் ஒருமுறை நகர்த்துவது ஓர் அரை நகர்வு) தாண்டித்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு கிளையையும் புதிதாக எண்ணிக்கொண்டு போகிற புரோகிராம் கோடிக்கணக்கான வழிகளில் சிக்கிக்கொள்ளும். ஆனால் சிப்பாய்கள் அசையாத வரை இதில் மொத்தம் எத்தனை வேறு வேறு நிலைகள் இருக்க முடியும்? வெள்ளை ராஜாவுக்கு 64 கட்டங்கள், கறுப்புக்கு 64, யார் முறை என்பதற்கு இரண்டு. பெருக்கினால் 8192, உண்மையில் அதைவிடக் குறைவு. பார்த்த நிலையை எழுதி வைத்துக்கொண்டு மறுபடி வரும்போது எடுத்துப் பார்க்கிற வழக்கம் இருந்தால் பழைய மெஷினில்கூட இது சட்டென்று தீர்ந்துவிடும். அந்த எழுதி வைக்கிற இடத்தைத்தான் ஹாஷ் டேபிள் என்கிறார்கள். ஹாஷ் இருக்கிறதா, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க புரோகிராம் எழுதுபவர்கள் பல வருடங்களாக இந்த ஒரே படத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்தப் படம் ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்கிறது, எஞ்சின் பதில் சொன்னால் நமக்கு ஒரு விஷயம் தெரிய வருகிறது.

இன்னொரு விஷயமும் இங்கே வெளிப்படும். வேகத்துக்காக எஞ்சின்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கின்றன: என் முறையை நான் விட்டுக்கொடுத்த பிறகும் என் நிலை நன்றாகவே இருக்கிறதென்றால் அந்தக் கிளையை மேலும் தோண்ட வேண்டாம். நடு ஆட்டத்தில் இது அருமையாக வேலை செய்யும். நகர்வதே தண்டனையாகிவிடும் நிலையில், அதாவது செஸ்காரர்கள் சுக்ஸ்வாங் என்று சொல்லும் நிலையில், அதே வழி ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சியிருக்கும்போது எஞ்சின்கள் அதைத் தொடுவதில்லை.

ஃபைன் 70-ஐவிடப் பிரபலமானது 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடிய 47-ஆவது நகர்வு. வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்புக்கு இரண்டு சிப்பாய் கூடுதல்தான், ஆனால் பிஷப்புகள் எதிர் நிறத்தவை, இப்படிப்பட்டவை டிராவில் போய் முடிவது சர்வ சாதாரணம். ஷிரோவ் பிஷப்பை எச்3-இல் கொண்டுபோய், ஜி2 சிப்பாய் வெட்டிக்கொள்ளட்டும் என்று வைத்தார். காரணம் நிதானமாகப் பார்த்தால் எளிது. கறுப்பு ராஜா இ4-க்குப் போக வேண்டும், எஃப்5-இல் நிற்கும் சொந்த பிஷப் வழியை மறிக்கிறது, அதை ஒரு நகர்வைக்கூட வீணாக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். எச்3-இல் வைத்தால் ஜி2 தாக்கப்படுகிறது, வெள்ளை பதில் சொல்லியே ஆக வேண்டும். வெட்டினால் ராஜா எஃப்5, இ4 என்று ஓடிவிடும். வெட்டாமல் ராஜா எஃப்2 வந்தால் கறுப்பு எஃப்5, வெள்ளை எஃப்3, உடனே பிஷப் ஜி2-ஐ செக்கோடு வெட்டும், ராஜா அதை வெட்டப் போகும் நேரத்தில் கறுப்பு இ4-இல். டோபலோவ் வெட்டினார், 53-ஆவது நகர்வில் கைவிட்டார்.

இந்தப் படத்தை வருகிற போகிற எஞ்சினிடமெல்லாம் கொடுத்து 'கண்டுபிடித்தது, கண்டுபிடிக்கவில்லை' என்று மார்க் போடுவது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம், நானும் செய்கிறவன்தான். ஆனால் எப்படி மார்க் போடுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒருமுறை ஓட்டி விடை பார்த்துவிட்டு, ஹாஷை அழிக்காமல் அதே படத்தை மறுபடி கொடுத்தால், எஞ்சின் பழைய குறிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே எச்3 என்று சொல்லும், இவர்கள் 'அடேங்கப்பா இரண்டு நொடியில்' என்று எழுதுவார்கள். பல த்ரெட்களில், அதாவது வேலையை ஒரே நேரத்தில் பல இழைகளாகப் பிரித்து, ஓட்டினால் அதே கம்ப்யூட்டர், அதே எஞ்சின், அதே படம், ஆனால் ஒவ்வொரு முறையும் நேரம் வேறு; ஒரு தடவை பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச எஞ்சினை இறக்கி எதையும் தொடாமல் ஓட்டினால் 16 எம்பி ஹாஷும் ஒரே ஒரு த்ரெட்டும்தான். போனில் பிரவுசருக்குள் ஓடுவது இன்னும் பாவம். இதையெல்லாம் சொல்லாமல் 'ஸ்டாக்ஃபிஷ் திணறியது' என்றால், யார் திணறியது, எஞ்சினா போனா? அப்புறம் முக்கியமான ஒன்று, நகர்வைச் சொல்வது வேறு, காரணத்தைப் பார்ப்பது வேறு. எச்3 என்று காட்டிவிட்டு நம்பரைச் சமமாகவே வைத்திருந்தால் அது குருட்டாம்போக்கில் விழுந்த விடை. பின்னால் வரும் நகர்வு வரிசையில் ராஜா இ4-க்கும் டி3-க்கும் போகிறதா என்று பார்த்த பிறகுதான் மார்க்.

இனி உங்கள் +2.1. அது எந்த எஞ்சினின் எந்தப் பதிப்பு சொன்னது? ஸ்டாக்ஃபிஷ் 2020-இல் 12-ஆவது பதிப்பிலிருந்து நியூரல் வலையை வைத்து நிலையை மதிப்பிடத் தொடங்கியது. 2022 கடைசியில் வந்த 15.1 பதிப்பில் அளவுகோலையே மாற்றினார்கள். அதிலிருந்து +1 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று அர்த்தமில்லை, எஞ்சின் தனக்கு எதிராகவே ஆடினால் ஜெயிக்க ஐம்பது சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். அதுவும் ஏராளமான ஆட்டங்களின் பொதுக் கணக்கு, பென்ரோஸ் படம் மாதிரி அடைபட்ட நிலைக்கு அது பொருந்தாது. ஆகவே பழைய பதிப்பின் +2.1 ஒன்று, புதிய பதிப்பின் +2.1 வேறொன்று. எண்ட்கேமில் முடிவு என்பது வெற்றி, டிரா, தோல்வி என்ற மூன்றில் ஒன்றுதான், நடுவில் 2.1 என்று ஒரு முடிவு கிடையாது. நம்பரை நம்புவதைவிட எஞ்சினை இரண்டு பக்கமும் வைத்து ஆட விட்டுப் பார்ப்பது மேல். பத்துப் பதினைந்து நகர்வுகள் போன பிறகும் +2.1 அப்படியே நின்றால் எதிராளி உள்ளே நுழைய முடியாதபடி கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஏறிக்கொண்டே போனால் வெற்றி இருக்கிறது.

உங்கள் புதிரில் எண்ணிப் பார்த்தேன், பலகையில் ஆறே காய்கள். ஆறு காய்களுக்கு எஞ்சின் மதிப்பீடே தேவையில்லை சார்! ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை எல்லா நிலைகளுக்கும் முடிவு கணக்கிட்டு முடித்தாகிவிட்டது, அந்த முடிவுத் தொகுப்பைத்தான் டேபிள்பேஸ் என்கிறார்கள். 2012-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் உருவான லோமோனோசோவ் டேபிள்பேஸ் 140 டெராபைட். இப்போது எல்லோரும் பயன்படுத்தும் சிசிஜி தொகுப்பில் ஆறு காய்கள் வரைக்கும் சுமார் 150 ஜிபி, ஏழு காய்கள் 2018-இல் முடிந்தது, அது கிட்டத்தட்ட 17 டெராபைட். அதை நம் வீட்டில் இறக்க வேண்டாம், லிச்செஸ் தளத்தில் இலவசமாகவே நிலையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆக உங்கள் புதிருக்குப் பக்கத்தில் 'வெள்ளைக்கு வெற்றி, டேபிள்பேஸ்' என்று போட்டிருந்தால் எந்த வாயும் திறந்திருக்காது. ஆனால் அதே காரணத்தால் ரேட்டி 1921-இல் அமைத்த புகழ்பெற்ற நாலு காய்ப் புதிரை எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு 'தீர்த்துவிட்டது' என்று எழுதவும் கூடாது. டேபிள்பேஸ் இணைத்திருந்தால் அது யோசிக்கவில்லை, புரட்டிப் பார்த்துச் சொன்னது.

டேபிள்பேஸிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஏழு காய்களில் இதுவரை கண்ட மிக நீளமான செக்மேட் 549 நகர்வுகள். ஐம்பது நகர்வு விதி இருக்கிற நிஜப் பலகையில் அந்த வெற்றிக்கு மதிப்பில்லை. அதனால் சிசிஜி அந்த விதியையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறது. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பிஷப்புகளுக்கு எதிராக ஒற்றைக் குதிரை வைத்திருப்பவர் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் நின்றுகொண்டால் டிரா என்று கிளிங்கும் ஹார்விட்ஸும் 1851-இல் எழுதினார்கள், நூறு வருடத்துக்கும் மேல் எல்லோரும் அதைத்தான் படித்தார்கள். 1983-இல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் கம்ப்யூட்டரில் முழுக்கக் கணக்கிட்டுப் பார்த்தபோது அது வெற்றி என்று தெரிந்தது, சில நிலைகளில் 66 நகர்வுகள் வரை ஆகும். 1970-களின் கடைசியில் ராணிக்கு எதிராக யானை என்ற எளிய நிலையை அதே தாம்ப்சனின் கம்ப்யூட்டர் தற்காக்க, அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் ராணியோடு ஐம்பது நகர்வுக்குள் ஜெயிக்க முடியாமல் விழித்தார். பிறகு உட்கார்ந்து படித்துவிட்டு வந்து சரியாக ஐம்பதாவது நகர்வில் வேலையை முடித்தார்.

நம்மவர் ஆட்டத்திலேயே பாருங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் பட்டத்துக்காக குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் பதினான்காவது ஆட்டம். ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எஞ்சின் சமம் என்றது, அதைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். நம்பர் பொய் சொல்லவில்லை, சரியாக ஆடினால் டிராதான். ஆனால் டிங் 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் பிஷப்பை டி5-இல் வைத்தார், ஏ8 மூலையில் கிடந்த வெள்ளை பிஷப்புக்குப் போக்கிடமில்லை, அந்த மூலையிலிருந்து அதற்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான், அதில்தான் எதிரி நிற்கிறார். பிஷப்பும் வெட்டுப்பட்டு சிப்பாய் ஆட்டம் மிஞ்சியது, டிங் கைகுலுக்கிவிட்டார். மறுநாள் பல இடங்களில் டிங்கின் கவனக்குறைவு என்றுதான் படித்தேன். மணிக்கணக்காக ஒருவரை அந்தக் கஷ்டத்தில் நிறுத்தி வைத்ததும் ஆட்டம்தானே, 0.0 என்ற நம்பரில் அது எங்கே தெரியும்? 2018-இல் லண்டனில் உலக சாம்பியன் பட்டத்துக்காக கார்ல்சனுக்கு எதிராக ஆடிய ஆறாவது ஆட்டத்தில் கருவானா 68-ஆவது நகர்வில் பிஷப்பை எச்4-க்குப் போடாமல் வெற்றியை விட்டுவிட்டார் என்று எழுதினார்களே, அதற்குப் பின்னால் சொந்தக் குதிரையை ஜி1-இல் கொண்டுபோய் முடக்கிப் போட வேண்டியிருந்தது என்பதை எத்தனை பேர் எழுதினார்கள்?

என் வேண்டுகோள் இவ்வளவுதான். எண்ட்கேம் புதிர் போடும்போது எந்த எஞ்சின், எந்தப் பதிப்பு, எவ்வளவு நேரம் ஓடியது, டேபிள்பேஸ் இணைத்தீர்களா என்று விடைக்கு அடியில் ஒரு வரி சேருங்கள், அதற்கு இரண்டு அங்குலம்கூட ஆகாது. ஏழு காய்களோ அதற்குக் குறைவோ என்றால் எஞ்சின் நம்பரை விட்டுவிட்டு முடிவை மட்டும் போடுங்கள். பென்ரோஸ் துணுக்குக்கு, வெள்ளைப் பக்கம் எஞ்சின் எப்படி ஆடுகிறது என்று ஓட்டிப் பார்த்து அடுத்த வாரம் ஒரு சின்ன பின்குறிப்பு. புதிர் பகுதிக்குப் படம் தட்டுப்பாடு என்றால் ஃபைன் 70-ஐப் போடுங்கள், இந்தக் கடிதத்தை மட்டும் அதற்குப் பிறகு வெளியிடுங்கள், விடையை நான் இங்கேயே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்